பிள்ளை: ஒரு பட்டப்பெயரின் வரலாறு

பிள்ளை என்பது தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், இலங்கை ஆகிய இடங்களில் ஆட்களின் இயற்பெயருக்குப் பின் வழங்கிவரும் பட்டப்பெயர். தென்னாப்பிரிக்கா, மொரீசியஸ், ரீயூனியன், பிஜி, மலேசியா, சிங்கப்பூர் எனத் தமிழர் குடியேறிய நாடுகளில் இது தலைமுறை தலைமுறையாக இறங்கும் குடும்பப் பெயராகவும் ஆகியிருக்கிறது. குழந்தை, மகன், மகள், பறவைக்குஞ்சு, இளஞ்செடி என்று பொருள்படும் பொதுச்சொல்லும் இதுவே. தாலாட்டில் புழங்கும் ஒரு சொல் திவான்களுக்கும் தளவாய்களுக்கும் கணக்கர்களுக்கும் மரியாதைப் பட்டமானது எப்படி என்பதே இப்பெயரின் வரலாற்றில் விளக்க வேண்டிய செய்தி. 'பிள்ளை என்றால் வேளாளர்' என்று பொதுவாக எடுத்துக்கொள்ளப்படுவது பாதி உண்மைதான். இப்பட்டத்தைப் பல சாதியினரும் பல சமயத்தவரும் தாங்கியிருக்கிறார்கள். அது ஒரு சாதியின் அடையாளமாக இறுகியது இதன் நீண்ட வாழ்க்கையில் பிற்பகுதியில் நடந்தது.

பறவைக்குஞ்சும் தென்னங்கன்றும்

தொல்காப்பிய மரபியல் இளமையைக் குறிக்கும் பெயர்களாக ஒன்பதைச் சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் வரும் என்பதையும் அது வகுக்கிறது. பிள்ளை அங்கே முதலில் பறவைகளுக்கு உரிய சொல். தவழும் உயிர்களுக்கும் அது வரும். ஓரறிவு உயிர்களான செடிகொடிகளுக்கும் வரும். நெல்லுக்கும் புல்லுக்கும் மட்டும் வராது. மக்களின் இளமைக்குக் குழவி, மகவு என்னும் இரண்டைத் தவிர மற்றவை உரியன அல்ல என்று அதே இயல் வரையறுத்துவிடுகிறது. அந்த விதிப்படி பார்த்தால், மனிதக் குழந்தையைப் பிள்ளை என்று சொல்வதே மரபன்று.

ஆனால் அதே நூலின் புறத்திணையியல், கவர்ந்த ஆநிரையை மீட்கும் போராகிய கரந்தையின் துறைகளாகப் 'பிள்ளைநிலை', 'பிள்ளையாட்டு' என்னும் இரண்டைச் சொல்கிறது. போரில் புகுந்து மேல்வரும் படையைத் தாங்கிய இளம் வீரனின் நிலை முன்னது. வாளோடு பொருது எழுந்த இளைஞனைக் கொண்டாடிப் பறை முழங்க அவனுக்கு நாட்டைக் கொடுப்பது பின்னது. மரபியலின் விதிக்கு இது பொருந்தவில்லை. நூலின் பகுதிகளுக்கிடையே காலத்தால் இடைவெளி உண்டு என்று கருதுவோருக்கு இதுவும் ஒரு சான்றாகலாம். நம் பொருளுக்கு முக்கியமானது வேறு. பிள்ளை என்ற சொல் மனிதனைச் சுட்டி வரும் மிகப் பழைய இடங்களில் ஒன்றில், அவன் மடியில் கிடக்கும் குழந்தை அல்லன். அரசன் நிலம் கொடுத்துப் பெருமைப்படுத்தும் வீரன். பிற்காலத்துப் பட்டத்தின் வித்து அங்கேயே விழுந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. பறவைப் பொருளும் உடன் வாழ்ந்தது. புறப்பொருள் வெண்பாமாலையில் 'பிள்ளை வழக்கு' என்பது புள் நிமித்தம் பார்த்துச் சொன்னவர்களுக்குக் கொடை அளிக்கும் துறை. அங்கே பிள்ளை என்பது நிமித்தப் பறவை.

இன்றைய பேச்சில் அந்தப் பழைய பொருள்கள் சிதறிக் கிடக்கின்றன. நாற்றங்காலில் விலைக்குக் கிடைப்பது தென்னம்பிள்ளை. வாழைக்குக் கன்று, பனைக்கு வடலி, தென்னைக்குப் பிள்ளை என்ற பகுப்பை உழவர் இன்றும் மாற்றுவதில்லை. கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை என்னும் பெயர்களில் இளமைப் பொருள் தேய்ந்துவிட்டது. கிழட்டுக் கீரியும் கீரிப்பிள்ளைதான். அங்கே எஞ்சி நிற்பது அன்பு. வீட்டைச் சுற்றித் திரியும் சிற்றுயிரைத் தன் வீட்டுக் குழந்தையாக்கிக்கொள்ளும் மனம். மண்ணுக்குள் குடையும் பூச்சி பிள்ளைப்பூச்சி. குடும்பப் பொறுப்புள்ளவனைப் 'பிள்ளைகுட்டிக்காரன்' என்கிறோம். மரபியல் மனிதனுக்கு ஆகாது என்று விலக்கிய பெயர்களில் இரண்டு சேர்ந்து அங்கே மனிதக் குழந்தைகளைக் குறிக்கின்றன.

சொல்லின் பால் இடத்துக்கு இடம் மாறும். எழுத்துத் தமிழில் 'அவருக்கு ஒரு பிள்ளை, ஒரு பெண்' என்றால் பிள்ளை ஆண். மதுரைப் பக்கத்திலும் கொங்கிலும் 'ஏ புள்ள' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவள் பெண். யாழ்ப்பாணத்தில் 'என்ன பிள்ளை?' என்பது மகளையோ மகள் போன்றவளையோ கேட்பது. தெலுங்கில் 'பில்ல' பெண். ஆணைச் சொல்ல 'பில்லவாடு' என்று ஈறு சேர்க்க வேண்டும். மலையாளத்தில் 'பிள்ள' குழந்தை. 'பெண்பிள்ள' பல இடங்களில் மனைவி. பிள்ளைத்தாய்ச்சி, பிள்ளைப்பேறு, தத்துப்பிள்ளை, கைப்பிள்ளை என்று பிறப்பையும் வளர்ப்பையும் சுற்றிய சொற்கள் யாவும் இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை.

மாப்பிள்ளையும் இக்குடும்பத்தைச் சேர்ந்த சொல். 'மா' என்னும் பெருமை அடையோடு சேர்த்து இதற்குப் பொருள் சொல்வதே பெருவழக்கு. மகளை மணந்து வீட்டுக்கு வருபவன் மகனுக்கும் மேலான மகன் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கேரளத்தில் இது சமூகப் பெயராகவே விரிந்தது. மலபார் முஸ்லிம்கள் மாப்பிளமார். சிரியன் கிறித்தவர்களும் யூதர்களும் நஸ்ரானி மாப்பிள, ஜூத மாப்பிள என்று அழைக்கப்பட்டார்கள். 1888இல் மலையாள மனோரமா நிறுவனத்தைத் தொடங்கிய கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளையின் பெயரில் அந்தப் பட்டம் நிற்கிறது. திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கும் குழம்புக்கு 'மாப்பிள்ளைச் சொதி' என்று பெயர்.

அரசனின் பிள்ளை, ஆண்டவனின் பிள்ளை

சோழர் காலக் கல்வெட்டுகளில் அரசகுமாரரைப் 'பிள்ளையார்' என்று மரியாதை ஈறு சேர்த்துக் குறிப்பது வழக்கம். மகன் என்ற உறவு அரண்மனைக்குள் பதவியாகிவிடுகிறது: அரசனுடைய பிள்ளை என்பதே அவனுடைய தகுதி. கோயில் வழக்கும் இதே பாதையில் நடந்தது. கோயில் அரசனுடைய அரண்மனையைப் போன்றது. அங்கே சிவன் உடையார், அவர் மகன் பிள்ளையார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டொன்று பரிவார ஆலயத்துப் 'பிள்ளையார் கணபதியார்'க்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க ஏற்பாடு செய்கிறது. அங்கே கணபதியார் பெயர், பிள்ளையார் பட்டம். பின்னாளில் பெயர் பின்னுக்குப் போய்ப் பட்டமே தெய்வத்தின் பெயராகிவிட்டது. இன்று தமிழர் தெருமுனையில் தேங்காய் உடைப்பது பிள்ளையாருக்குத்தான்.

சைவ மரபில் இப்பட்டத்தை முதன்மையாகப் பெற்றவர் திருஞானசம்பந்தர். அப்பரை ஆளுடைய அரசு என்றும் சுந்தரரை ஆளுடைய நம்பி என்றும் சொல்லும் மரபு, உமையின் ஞானப்பாலை உண்ட குழந்தையை ஆளுடைய பிள்ளை என்கிறது. சேக்கிழார் அவரைப் பிள்ளையார் என்றே குறிக்கிறார். பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகை இந்தச் சூழலில்தான் உருவெடுத்தது. கிடைத்துள்ளவற்றில் பழையது ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பாடியது. ஆளும் வேந்தனைத் தொட்டிலில் இட்டுப் பாடுவது அவனுக்குச் சிறுமை ஆகாது, பெருமையே என்று அந்தச் சமூகம் உணர்ந்திருக்கிறது. பிள்ளை என்ற பட்டத்தை விளங்கிக்கொள்ள இந்த உணர்வு தெரிந்திருக்க வேண்டும்.

வைணவத்தில் பட்டம் இன்னும் பரவலாகப் புழங்கியது. இராமாநுசரின் அபிமான புத்திரர் எனப்பட்டவர் திருவாய்மொழிக்கு முதல் உரையான ஆறாயிரப்படியை எழுதிய திருக்குருகைப்பிரான் பிள்ளான். அவருக்குப் பின் நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை, வடக்குத் திருவீதிப் பிள்ளை, பிள்ளை லோகாசாரியர் என்று தென்கலை ஆசிரியப் பரம்பரையே பிள்ளைகளின் வரிசையாக இருக்கிறது. நம்பிள்ளையின் பெயர் வந்த கதையைக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. நஞ்சீயர் என்னும் ஆசிரியர் திருவாய்மொழிக்குத் தாம் எழுதிய ஒன்பதினாயிரப்படி உரையைப் படியெடுக்க வரதராசர் என்னும் சீடரிடம் கொடுத்தார். அவர் காவிரியைக் கடக்கும்போது சுவடி வெள்ளத்தில் போய்விட்டது. கேட்டதை நினைவிலிருந்து எழுதி, சில இடங்களில் விளக்கமும் கூட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். படித்துப் பார்த்த ஆசிரியர் 'நம் பிள்ளை' என்று தழுவிக்கொண்டார். அதுவே பெயராக நிலைத்தது.

இவர்களில் பெரும்பாலோர் அந்தணர். ஆனால் உறையூர் மல்லரும் இராமாநுசரின் சீடருமான பிள்ளை உறங்காவில்லி தாசர் அந்தணர் அல்லர். இருவகையாரையும் ஒரே சொல் அணைத்தது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பிள்ளை எந்தச் சாதிக்கும் உரியதாக இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அது உறவுச்சொல். ஒருவன் தானே சூட்டிக்கொள்ள முடியாதது. அரசனோ ஆசிரியனோ அடியார் கூட்டமோ 'இவன் எங்கள் பிள்ளை' என்று ஏற்றால் வருவது. இந்த ஏற்புப் பொருள்தான் இச்சொல்லின் உயர்ந்த நிலை என்பது இக்கட்டுரையின் கருத்து.

கணக்கும் காணியும்

கொடுக்கப்பட்டது பரம்பரையாக இறங்கத் தொடங்கியபோது பட்டம் குடிப்பெயராயிற்று. வேளாளர் வட்டாரந்தோறும் வேறு வேறு பட்டம் தாங்கினார்கள்: தொண்டை மண்டலத்தில் முதலியார், கொங்கில் கவுண்டர், சோழநாட்டிலும் பாண்டி நாட்டிலும் பெரும்பாலும் பிள்ளை. கார்காத்தார், சோழியர், சைவ வேளாளர், நாஞ்சில் நாட்டு வேளாளர் எல்லோரும் பிள்ளைமாரே. நாஞ்சில் நாட்டவரிடம் சொத்து மருமக்களுக்கு இறங்கும் முறை இருந்தது. அதன் துயரங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்ற நூலாக எழுதினார். மகனைக் குறிக்கும் சொல்லைப் பெயரில் வைத்திருந்த சமூகத்தில் மகனுக்குச் சொத்தில் உரிமை இல்லாதிருந்தது.

வேளாளர் அல்லாதோரும் பலர். நாதசுர, நட்டுவ மரபைச் சேர்ந்த இசை வேளாளர்களுக்கும் இப்பட்டம் உண்டு. பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை என்ற பெயர்கள் இல்லாமல் 20ஆம் நூற்றாண்டின் பரதத்தையும் நாதசுரத்தையும் பேச முடியாது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) இடையர் குலத்தவர். அவர் வாழ்ந்த மாளிகையும் அவர் பெயர் கொண்ட வீதியும் புதுச்சேரியில் இன்னும் இருக்கின்றன. கிறித்தவத்துக்கு மாறிய குடும்பங்களும் பட்டத்தை விடவில்லை. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை சீர்திருத்தக் கிறித்தவர்.

எழுத்தோடும் கணக்கோடும் இப்பட்டத்துக்கு இருந்த நெருக்கம் தனியே சொல்லத்தக்கது. ஊர்க்கணக்கு எழுதிய கருணீகர்களின் பட்டம் பிள்ளை. வள்ளலார் இராமலிங்கர் பிறந்த குலம் அது. யார் நிலம் எது, யார் வரி எவ்வளவு என்பதெல்லாம் கணக்குப்பிள்ளையின் ஓலையில் இருந்தது. ஊரில் அவருக்கிருந்த மரியாதையில் அச்சமும் கலந்திருந்தது. ஐரோப்பியர் முதலில் அறிந்த 'பிள்ளை'யும் இவர்தான். 1544இல் முத்துக்குளித்துறையில் பணி செய்த பிரான்சிஸ் சேவியர், எழுதத் தெரிந்த ஒரு கணக்கப்பிள்ளையை உடன் அழைத்துப்போய், செபங்களை எழுதி ஊர்தோறும் விட்டுவரச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் காகிதங்களில் அதே சொல் 'கானிகோப்பொலி' என்று உருக்குலைந்து, 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் இடம்பிடித்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளை என்பது சாதியோடு தொடர்பற்ற உத்தியோகப் பெயர். கொழுந்து பறிப்போரை மேற்பார்த்துப் பெயர் போடுபவர் அவர். தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் (ஊர்க்கணக்கர்) பதவியை எம்.ஜி.ஆர். அரசு 1980இல் ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார்.

நிலமும் கணக்கும் கைவசம் இருந்தவர்களின் பட்டம் என்பதால் பிள்ளை மேல்நிலையின் குறியாயிற்று. கள்ளர், மறவர், அகமுடையார் மெல்ல மெல்ல வெள்ளாளர் ஆனார்கள் என்ற பழமொழி, பட்டங்கள் குடிபெயர்ந்து ஏறியதைச் சொல்கிறது. அந்த ஏணியில் கால்வைக்கவே விடப்படாதவர்களும் இருந்தார்கள். ஒருவரைப் 'பிள்ளைவாள்' என்று கூப்பிட்ட அதே தெருவில் இன்னொருவர் வயது முதிர்ந்தும் வெறும் பெயரால், ஒருமையில் கூப்பிடப்பட்டார். குழந்தையை அணைக்கும் சொல் ஆட்களைத் தரம் பிரிக்கும் கருவியானது வருந்தத்தக்க திரிபு. இப்பட்டத்தைப் பற்றி எழுதுகிற எவரும் அதைச் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது.

தமிழ்நாட்டில் இது பெண்களுக்குச் சேராது. பிள்ளையின் மனைவியும் மகளும் அம்மாள் அல்லது ஆச்சி. ஆனால் பட்டமாக இல்லாமல் பெண்ணின் இயற்பெயராகவே இச்சொல் வாழ்வதுண்டு. மதுரைப் பகுதியில் களஞ்சியம் மகளிர் குழுக்களை வளர்த்து 2019இல் பத்மஸ்ரீ பெற்ற சின்னப்பிள்ளை கூலிவேலை செய்த பெண். அவர் பெயரில் சாதி இல்லை. பிள்ளை அங்கே அதன் பழைய பொருளில், செல்லப் பெயராக இருக்கிறது.

மலையாள நாட்டில்

திருவிதாங்கூரில் நாயர்களில் ஒரு பகுதியினர் பிள்ளை. அவர்கள் வீட்டுப் பெண்கள் அம்மை. பத்மநாபசாமி கோயில் நிலங்களில் ஆதிக்கம் செலுத்திய எட்டுவீட்டில் பிள்ளைமார் கழக்கூட்டம், செம்பழந்தி முதலான தங்கள் ஊர்ப்பெயரோடு பிள்ளைப் பட்டத்தைச் சேர்த்து வழங்கினார்கள். 1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்டவர்மா அவர்களை ஒடுக்கித் தன் அரசை நிறுவினார். அந்த மோதலை சி.வி.ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' நாவல் மலையாளிகளின் மனத்தில் நிலைநிறுத்தியது. பிள்ளைகள் எதிரிகளாக வரும் கதையை எழுதியவரும் பிள்ளையே. அரசரின் மனைவிக்கு அங்கே பனப்பிள்ளை அம்மை என்ற பட்டம் இருந்தது. பெண்ணுக்குச் சிறப்புப் பட்டமாகப் பிள்ளை வந்த அரிய இடம் இது. சங்ஙம்புழ கிருஷ்ணபிள்ளை, 1984இல் ஞானபீடப் பரிசு பெற்ற தகழி சிவசங்கரப் பிள்ளை என்று நவீன மலையாள இலக்கியத்தில் இப்பெயர் நிறைந்திருக்கிறது.

இலங்கையில்

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெயரின் பின்னால் தனியே நிற்பதில்லை. பெயரோடு கரைந்துவிடும்: வேலுப்பிள்ளை, தம்பிப்பிள்ளை, தாமோதரம்பிள்ளை. அது அந்த ஒருவரின் பெயரே தவிர மகனுக்கு இறங்காது. வேலுப்பிள்ளையின் மகன் செல்வநாயகம். தந்தை பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கிவிடும். தெய்வானைப்பிள்ளை, அன்னப்பிள்ளை என்று பெண்பெயரிலும் இயல்பாக ஒட்டும். சிறுப்பிட்டி சி.வை.தாமோதரம்பிள்ளை (1832–1901) 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானவர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றியவரும் அவரே.

மேற்குக் கரையில் வேறு கதை. போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கரான கொழும்புச் செட்டிகளும் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிக் குடும்பங்களும் ஞானஸ்நானத்தில் கிடைத்த ஐரோப்பியப் பெயரோடு பிள்ளையைப் பிணைத்துக்கொண்டார்கள். பெர்னாந்துபுள்ளே, ரொட்ரிகோபுள்ளே, லோரன்ஸ்புள்ளே என்ற பெயர்கள் அப்படிப் பிறந்தவை. அவற்றைத் தாங்கும் பலர் இன்று சிங்களம் பேசுகிறவர்கள். ஒரே பெயருக்குள் லிஸ்பனும் தமிழும் சேர்ந்து, சிங்கள ஒலிப்பில் வாழ்கின்றன.

கடல் கடந்து

பெயர் வெளிநாட்டில் குடும்பப் பெயராக மாறியதற்குக் காரணம் பதிவேடு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்தது. வந்தவர்களின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் ஏட்டில் ஏறின. தமிழ் வழக்கில் இயற்பெயரே பெயர். ஆங்கில நிர்வாகத்துக்கோ தந்தைக்கும் மக்களுக்கும் பொதுவான ஒரு கடைப்பெயர் தேவைப்பட்டது. பட்டங்கள் அந்த இடத்தை நிரப்பின. பிள்ளை 'பிள்ளே' ஆயிற்று. கவுண்டர் 'கவெண்டர்', முதலி 'மூட்லி', நாயுடு 'நாயிடூ' ஆன நாடு அது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் அங்கே பட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகி, சாதியை உறுதியாகக் காட்டும் ஆற்றலையும் இழந்தது. டர்பனில் பிறந்து 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளையின் பெயர் தமிழ்நாட்டு வழக்கில் அமைந்திருக்கவே முடியாது. தென்னாப்பிரிக்காவில் அது முற்றிலும் இயல்பு.

சிங்கப்பூரில் இப்பெயர் குடியேற்றத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராபிள்சோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை அங்கே முதல் செங்கற்சூளையை அமைத்தார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை 1827இல் நிறுவியவரும் அவரே.

பிரெஞ்சு ஆட்சியில் 'புல்லே' என்று எழுதப்பட்ட இப்பட்டத்தைச் சட்டப்படி கைவிட வழி வந்தது புதுச்சேரியில். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் வெளியான ஆணை, இந்தியர் தம் சாதி, சமய வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க இடம் கொடுத்தது. துறந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்வியக்கத்துக்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாப்போர்த்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்கு வாசல் என்று பொருள்.

பட்டத்தைத் துறத்தல்

தமிழ்நாட்டில் துறவு வேறு வழிகளில் வந்தது. நாகை வேதாசலம் பிள்ளை சுவாமி வேதாசலம் ஆகி, தனித்தமிழ் இயக்கத்தின்போது மறைமலையடிகள் ஆனார். வடமொழிப் பெயரும் சாதிப்பட்டமும் ஒன்றாக உதிர்ந்தன. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் சாதிப்பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானித்தது. பெரியார் 'நாயக்கர்' என்பதையும் மாநாட்டுத் தலைவர் சௌந்தரபாண்டியன் 'நாடார்' என்பதையும் விட்டார்கள். அடுத்த இரு தலைமுறைகளில் தமிழ்நாட்டின் பொதுவாழ்வில் பட்டங்கள் பெரும்பாலும் மறைந்தன. வேறு எந்த மாநிலத்திலும் இந்த அளவுக்கு நடக்காத மாற்றம் இது. அதை நடத்திக்காட்டிய தலைமுறைக்குத் தமிழகம் கடன்பட்டிருக்கிறது.

மறைந்தவர்களின் பெயரை என்ன செய்வது என்ற கேள்வி பின்னர் வந்தது. விடையாக அமைந்தது 'அனார்' என்னும் பழந்தமிழ் மரியாதை ஈறு. வ.உ.சிதம்பரம் பிள்ளை (1872–1936) வ.உ.சிதம்பரனார் ஆனார், 1986இல் அவர் பெயரில் மாவட்டம் அமைந்தது, 2011இல் தூத்துக்குடித் துறைமுகமும் அவர் பெயரை ஏற்றது. மனோன்மணீயம் எழுதிய பெ.சுந்தரம் பிள்ளையின் பெயரில் திருநெல்வேலியில் 1990இல் எழுந்தது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். 2021இல் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை எல்லோருக்கும் விரித்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மீனாட்சிசுந்தரனார் என்றும், நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை இராமலிங்கனார் என்றும் அச்சிடப்பட்டார்கள். அவர்கள் தாமே கையெழுத்திட்ட பெயரை மாற்றலாமா என்ற எதிர்ப்பும் எழுந்தது. பாடப்புத்தகத்தைக் கையில் எடுக்கும் பத்து வயதுக் குழந்தைக்கு ஆசிரியரின் சாதியை முதல் செய்தியாகச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் இம்மாற்றம் சரியானது. ஆராய்ச்சிப் பதிப்புகளிலும் நூலகப் பட்டியல்களிலும் அந்தந்தக் காலத்து முகப்பேட்டில் இருந்தபடியே பெயர் நிற்பதுதான் முறை. தாமோதரம்பிள்ளையின் பதிப்பைத் தேடுபவர் அந்தப் பெயரில்தான் அதைக் கண்டெடுக்க முடியும். அவர் பெயரில் அது பட்டம் அன்று, பெயரின் பாதி. சுந்தரம் பிள்ளையின் 19ஆம் நூற்றாண்டுக் கட்டுரைகளைத் தேடும் மாணவர் இரண்டு பெயர்களிலும் பட்டியலைப் புரட்ட வேண்டியிருக்கிறது.